ஆள் வேணும்

பதினாறு வயதில் எனக்குச் சாமி கும்பிட வரவில்லை. இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் பக்திக்குக் குறைவு கிடையாது. அம்மா ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் விளக்குப் போடுவாள். அப்பத்தா மார்கழி முழுக்க விடியுமுன் எழுந்து திருப்பாவை சொல்வாள். நூற்பாலையில் மூன்றாம் ஷிப்ட் முடித்து வரும் அப்பா, படுக்கப் போகுமுன் திருநீறு பூசிக் கண்மூடி நிற்பார். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து அமரும். நானும் பக்கத்தில் நின்று கண்ணை மூடுவேன். எனக்கு ஒன்றும் வராது. எனக்குள் ஏதோ குறை இருக்கிறதோ என்று உள்ளூரப் பயந்திருந்தேன்.

அந்த வயதில் இன்னொன்றும் அழுத்தியது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் என்னிடம் கேட்க ஒரு கேள்விதான் இருந்தது. என்ன படிக்கப் போற, என்ன ஆகப் போற? என்னைப் பற்றிய பேச்செல்லாம் இன்னும் வராத ஒரு காலத்தைப் பற்றியே நடந்தது. அன்றைக்கு, அந்தக் கிழமையில், நான் ஒருவன் இருப்பதால் யாருக்காவது ஏதாவது ஆகிறதா என்றால் பதில் இல்லை.

எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் உழவாரப்பணிக் குழு ஒன்றை நடத்தி வந்தார். கடைக்குச் சீனி வாங்கப் போன என்னிடம், பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: “தம்பி, ஞாயித்துக்கிழமை ஆள் வேணும். காலையில அஞ்சரைக்கு வந்துரு.” பக்தி இருக்கிறதா, பதிகம் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. ஆள் வேணும் என்றார். போனேன்.

முதலில் போனது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் விளாகம் வைத்தியநாத சுவாமி கோயில். திருமலை நாயக்கர் காலத்துத் திருப்பணிகள் உள்ள பெரிய கோயில். பிரசவ வலியில் தனியே தவித்த ஒரு பெண்ணுக்கு, அவளுடைய தாயின் உருவில் வந்து சிவன் துணை நின்றார் என்பது தலக்கதை. எங்களுக்கு வந்த வேலை, பித்தளை விளக்குகளைத் துலக்குவது. புளியைக் கரைத்துத் தடவி ஊறவிட்டு, சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு கருப்பாகக் கரைந்து வழியும். அதன் அடியிலிருந்து மஞ்சள் நிறம் மெல்ல மேலே வரும். மதியத்துக்குள் என் விரல் நுனிகள் புளியில் சுருங்கிப் போயின. துலக்கிய விளக்குகளை வரிசையாக வெயிலில் கவிழ்த்து வைத்தோம். அன்று மாலை அந்த விளக்குகள் எரியும், யாரோ ஒருவர் அவற்றின் முன் நின்று தன் கவலையைச் சொல்வார் என்ற நினைப்பு எனக்குப் புதிதாக இருந்தது.

அதன்பிறகு மலையடிவாரத்துக் கிராமங்களில் பூசைக்கு மட்டும் திறக்கும் சின்னச் சிவன் கோயில்களுக்குப் போகத் தொடங்கினோம். அங்கேதான் வேலையின் நுணுக்கம் தெரிந்தது. மதிலிலும் விமானத்திலும் அரசங்கன்று முளைத்திருக்கும். காகமும் மைனாவும் பழத்தைத் தின்று எச்சமிட்ட இடத்தில் விதை ஊன்றிவிடும். கன்றை மேலே வெட்டிவிட்டு வந்தால், மறுமழைக்கு முன்னைவிடத் தடிப்பாக வரும். கல்லுக்கு இடையே ஓடிய வேரை விரலால் தடவித் தேடி, சாந்தைக் கிளறி, முழுதாக எடுத்து, பிளவைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை அப்பினால் உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரையே உப்பவைத்து உதிர்க்கும். கல்வெட்டு இருக்கும் கல்லை இரும்பால் சுரண்டக்கூடாது. இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர், குழுவோடு வரும் வயதான கொத்தனார் ஒருவர். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. சுவரைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே உள்ளே பூச்சு விட்டிருக்கிறதா என்று சொல்லுவார்.

வேலையின் நடுவே, நிழலில் உட்கார்ந்து நீராகாரம் குடிக்கும்போது அண்ணாச்சி கதை சொல்லுவார். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர் பெருமானை எந்தக் கோயிலில் பார்த்தாலும் தோளில் உழவாரத்தோடுதான் நிற்பார். புல்லைச் செதுக்கிப் பாதை துப்புரவாக்கும் கருவி அது. அவரைச் சைவத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்த அக்கா திலகவதியார், திருவதிகைக் கோயிலில் விடியற்காலம் வாசல் கூட்டி, சாணமிட்டு மெழுகி, பூமாலை கட்டியவர். எங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ வேறு சான்று தேவையில்லை. பெரியாழ்வார் அங்கே நந்தவனம் அமைத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, பூப்பறித்து மாலை கட்டியவர். ஆண்டாளை அவர் கண்டெடுத்ததும் அந்தத் தோட்டத்துத் துளசிச் செடியடியில். பதினோரு நிலைக் கோபுரமும் ஆடிப்பூரத் தேரும் பிறகு வந்தவை. அந்த ஊரின் பக்தி, மண்ணைக் கிளறிய ஒரு கையில் தொடங்கியது.

இதைக் கேட்டபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கண்மூடி நின்றால் வராத ஒன்றுக்கு வேறொரு வாசலும் இருக்கிறது, அந்த வாசலில் கருவியோடு நிற்பவர்கள் சாதாரணமானவர்களும் அல்லர்.

என்னை மாற்றியது ஒரு வீடு. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நாங்கள் வேலை செய்த கோயிலுக்கு, பக்கத்துத் தெருவிலிருந்து பூக்கட்டிக் கொண்டுவந்து தரும் பாட்டி ஒருவர் இருந்தார். கூப்பிட்டுக் கேட்க ஆளில்லாதவர். ஐப்பசி பிறக்கப் போகிற நேரம். ஒருநாள் பூக்கூடையை வைத்துவிட்டு அண்ணாச்சியிடம், “ஐயா, ஒங்க கொத்தனார ஒருதடவ வந்து எங்கூட்டுக் கூரையப் பாக்கச் சொல்றீகளா? காசு கொஞ்சங் கொஞ்சமாத் தாரேன்” என்று கேட்டார்.

அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாட்டு ஓடு போட்ட ஒற்றை அறை. குரங்குகள் ஓடி ஓடி ஓடுகள் நழுவிக் கிடந்தன. பனஞ்சட்டம் இரண்டு கரையான் அரித்து மாவாகியிருந்தன. அடுப்பு இருந்த மூலையில் சுவர் கரைந்து உள்வாங்கியிருந்தது. கோயில் மண்டபத்தில் எங்களை உட்காரவைத்து, நாங்கள் குழந்தையிலிருந்து கேட்ட வந்தி கதையைத் திரும்பச் சொன்னார். வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி வந்திக்கு அனுப்ப ஆளில்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு அவள் பங்குக்கு மண் சுமந்தார். மதுரையில் ஒவ்வோர் ஆவணி மூலத்துக்கும் அதைத் திருவிழாவாக நடத்துகிறோம். “அவரே மண்ணு சுமந்தார்னு பாடுறோம். இந்த அம்மாவுக்கும் ஆளில்ல. அடுத்த ஞாயிறு வேல இந்த வீட்லதான்” என்றார் அண்ணாச்சி.

அந்தத் தெருவுக்குள் எங்களில் சிலர் வீட்டார் அதுவரை காலெடுத்து வைத்தது கிடையாது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. எங்கள் ஊர்களில் எந்தத் தெரு யாருடையது, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார் என்பது சொல்லித்தராமலே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது இரண்டு பையன்கள் தாகமில்லை என்றார்கள். அண்ணாச்சி யாரையும் கடிந்து பேசவில்லை. சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். மிச்சத்தைக் கொத்தனார் குடித்தார். மதியம் பாட்டி மொச்சைக் குழம்பு வைத்தார். காலையில் தாகமில்லை என்றவர்களில் ஒருவன் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். நந்தனார் கதையைப் பத்து வருஷம் கேட்டும் நகராத ஒன்று, ஒரு பகல் வேலையில் கொஞ்சம் நகர்ந்தது.

ஓடு மாற்றுவது பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். முகட்டிலிருந்து தொடங்கி, கீழே நிற்பவர் கைக்கு ஒவ்வொன்றாக இறக்கி, நல்லதை ஒரு பக்கமும் விரிசல் கண்டதை ஒரு பக்கமும் அடுக்க வேண்டும். சட்டம் மாற்றி, வரிச்சு கட்டி, பிறகு கீழிருந்து மேலாக, ஒன்று மல்லாந்தும் அதன்மேல் ஒன்று கவிழ்ந்தும், தண்ணீர் இறங்குமாறு அடுக்கிக்கொண்டு போக வேண்டும். கூரைமேல் ஏறியவர்கள் கொத்தனாரும் அவருடைய ஆளும் மட்டுமே. எங்களுக்குச் சித்தாள் வேலை. ஓடு கைமாற்றினோம், மண் மிதித்தோம், தண்ணீர் சுமந்தோம். ஒழுகிய இடத்துக்கு நேர் மேலே கையைக் காட்டி, “இங்கதான் ஓட்டை” என்று நான் சொன்னேன். கொத்தனார் தலையை ஆட்டினார். “தண்ணி நேரா விழாது தம்பி. எங்கயோ மேல எறங்கி, சட்டத்தப் புடிச்சே ஓடியாந்து இங்க சொட்டுது. முகட்டுப் பக்கமாத் தேடணும்.” தேடினோம். முழங்கை தூரம் தள்ளி, முகட்டு ஓட்டின் அடியில் இருந்தது.

பாட்டி ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. சாமி படமும் விளக்கும் இருந்த மாடத்தை அவரே எடுத்து ஒதுக்கினார். அதில் வேறு யார் கையும் படக்கூடாது என்று அண்ணாச்சி முன்கூட்டியே சொல்லியிருந்தார். ட்ரங்குப் பெட்டியை நகர்த்தவும் அவரிடம் கேட்டோம். அடுப்பை எந்தத் திசையில் வைப்பது, சன்னலை எந்த உயரத்தில் விடுவது என்பதெல்லாம் அவர் சொன்னபடி. ஒருவருடைய கூரையைப் பிரித்தால் அவருடைய வறுமை முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் அவர் அந்த வீட்டின் எசமானியாகவே இருக்க வேண்டும், நாம் அவரிடம் வேலை பார்க்க வந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன்.

வேலை முடிந்து சில நாட்களில் மழை பிடித்தது. நடுச்சாமத்தில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மழை அறைகிற சத்தத்தில் விழித்துக்கொண்டேன். மலைப்பக்கம் இன்னும் பலமாகப் பெய்யும் என்று தெரியும். பாட்டி வீட்டு முகடு, புதுச்சட்டம், அடுப்பு மூலை எல்லாம் கண்முன் வந்தன. ‘சாமி, அந்த வீடு ஒழுகக் கூடாது. அந்தப் பாட்டி நனையக் கூடாது’ என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்குப் பெயர் பிரார்த்தனை என்று உணரவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் முதல் பிரார்த்தனை அது. எனக்காகக் கேட்டிருந்த தேர்ச்சியும் மதிப்பெண்ணும் என் உதட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. இன்னொருவர் கூரை என் கவலையானபோது, கேட்காமலே அது வந்தது.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தபோது வீடு பெருமளவு தாங்கியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கசிந்திருந்தது. கொத்தனார் ஏறிச் சரிசெய்தார். ஒருதடவை செய்துவிட்டு மறந்துவிடுகிற வேலை அல்ல அது. ஓட்டுவீட்டுக்கு ஒவ்வொரு மழைக்கு முன்பும் ஆள் வேண்டும். விளக்கும் மறுபடி பிசுக்கேறும், அரசங்கன்றும் மறுபடி முளைக்கும். இந்தத் திரும்பத் திரும்ப வரும் வேலையில் ஒரு பதினாறு வயதுக்காரனுக்குத் தன் இடம் உறுதியாகிறது.

பிற்காலத்தில், இதே வழியில் பல நாட்டுப் பிள்ளைகள் நடந்திருப்பதைப் படித்தபோது மனம் நிறைந்தது. இலங்கையில் 1958இல், கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தன் மாணவர்களை, சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த கனதொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். ஊர் மக்களோடு தங்கி உடலுழைப்புச் செய்தார்கள். பௌத்த அறத்திலும் காந்தியத்திலும் ஊன்றிய சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் தாண்டிய கோடும், எங்கள் தண்ணீர்ச் சொம்புக்கு முன் நின்ற கோடும் ஒன்றே. அமெரிக்காவில் 1969இல், டெக்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் இளைஞர்களைத் திரட்டி, அப்பலாச்சிய மலைப்பகுதி ஏழைகளின் வீடுகளைப் பழுதுபார்க்கும் பணியைக் கென்டக்கியில் தொடங்கினார். அந்தப் பணி இன்றும் நடக்கிறது. கோடை விடுமுறையில் தேவாலயங்களிலிருந்து பதின்வயதுப் பிள்ளைகள் போய் ஒரு வாரம் தங்கிக் கூரையும் படியும் தரையும் சரிசெய்கிறார்கள். அதே 1969இல்தான், காந்தி நூற்றாண்டையொட்டி, நம் நாட்டில் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. நம்பிக்கை ஒவ்வொருவருக்கும் வேறு. இளைஞர் கையில் கருவியைக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்பதில் வேறுபாடு காணோம்.

‘வேலை தெரியாத பிள்ளைகளைக் கூட்டிப் போவதைவிட, அந்தக் காசைக் கொத்தனாருக்குக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எங்கள் குழுவில் கொத்தனாருக்கும் அவருடைய ஆளுக்கும் அன்றைய கூலி குறையாமல் கொடுக்கப்படும். அதில் அண்ணாச்சி கண்டிப்பானவர். சேவை என்ற பெயரில் உழைப்பாளியின் கூலியில் கைவைக்கக் கூடாது. இன்று இந்தக் குழுவின் பொறுப்பு என் வயதுக்காரர்களிடம் வந்திருக்கிறது. பழைய விதிகளோடு சிலவற்றைச் சேர்த்திருக்கிறோம். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் ஏணியில் ஏறுவதில்லை. மெயினை அணைக்காமல் ஈரச்சுவரைத் தொடுவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுப்பதும் உடைப்பதும் இல்லை. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வீட்டுக்காரர் முகம் தெரியப் படம் எடுப்பதில்லை. ‘கலைஞரின் கனவு இல்லம்’ போன்ற அரசுத் திட்டத்தில் புதுவீடு கிடைக்க வாய்ப்புள்ளவர்களுக்கு, பிள்ளைகள் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதித் தருகிறார்கள், ஒன்றிய அலுவலகத்துக்குக் கூடப் போகிறார்கள். ஒட்டுப்போட்டே ஒருவரைக் காலம் முழுக்க ஓட்டைக் கூரையின் கீழ் வைத்திருப்பது சேவை ஆகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தங்கள் ஊரும் வெள்ளத்தில் தவிக்கும்போது, பக்கத்துப் புதுக்குடி மக்கள் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அந்தப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். தண்ணீர் வடிந்து பாதை திறந்ததும் நாங்கள் பிள்ளைகளோடு தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போனோம். கோயிலுக்குக் கொண்டுபோகும் அதே மம்பட்டிகள், சட்டிகள், விளக்குமாறுகள்.

வெள்ளச்சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும், காய்ந்தால் கல்லாகிவிடும். உள்ளறையிலிருந்து வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அரிசி மூட்டை, பாய், தலையணை எல்லாம் போனதுதான். நனைந்த பள்ளிச் சான்றிதழ்களையும் கல்யாணப் படங்களையும் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் உலர்த்தினார்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் தொடங்கி, பள்ளிவாசல் பக்கத்து வீடுகளிலும், தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த வீடுகளிலும் வேலை செய்தோம். எங்கும் சேறு ஒரே கனமாக இருந்தது.

எங்களோடு வந்த பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, திரும்பும் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நகக்கண்களில் இன்னும் சேறு. “மாமா, அங்க ஒருத்தர்கூட எம் மார்க்கக் கேக்கல. ‘கண்ணு, இந்தப் பக்கமும் கொஞ்சம் அள்ளிவிடுறியா’ன்னுதான் கேட்டாங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நாளைக்கும் போலாமா?” என்று கேட்டாள். பதினாறு வயதில் நான் சொல்லத் தெரியாமல் விட்டதை அவள் சொல்லிவிட்டாள்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை இல்லை, அக்கறை இல்லை, எந்நேரமும் செல்போன் என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்கு அறிவுரை சொல்கிறோம், தேர்வு வைக்கிறோம், வருங்காலத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறோம். இன்றைக்கு உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? எங்கள் ராஜபாளையத்தில், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டைக் கொடுக்க எல்லாராலும் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க யாராலும் முடியும். பிள்ளைகள் அதைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆளில்லை என்பதே குறை.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் எந்தச் சமயத்துப் பெரியவர்களுக்கும் நான் சொல்ல நினைப்பது இவ்வளவே. உங்கள் தெருவில் மழைக்கு முன் பார்க்க வேண்டிய கூரை ஒன்று நிச்சயம் இருக்கும். உங்கள் வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளையும் இருப்பாள், இருப்பான். நல்ல கொத்தனார் ஒருவரை அமர்த்துங்கள், கூலியைக் குறைக்காதீர்கள், வீட்டுக்காரர் சொல்படி செய்யுங்கள். பிள்ளையிடம் பக்தியைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆள் வேணும், வர்றியா என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை வரும். அதற்கு வர வேண்டிய நம்பிக்கையும் வேலையின் நடுவே வந்து சேரும்.